தாவூதின் பச்சை இழை

1966 செப்டம்பர் 20, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். சிதம்பரத்தில் எங்கள் டிராயிங் ஹாலில் பதினெட்டு பேர் இருந்தோம். இருக்க வேண்டியவர்கள் பத்தொன்பது. பத்தொன்பதாவது ஆளான சேக் தாவூதின் தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "அண்ணன் மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுக்கறோம்" என்றான். பத்து நாள் குடல் காய்ச்சல். வயது இருபத்து மூன்று.

அவனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் அவன் தங்கமான பையன் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். தாவூது யாரையும் நம்பமாட்டான். டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். என்னையும் நம்பவில்லை. இரண்டு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன். வெளியே போகும்போது வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டுதான் போவான். நானும் அவனை நம்பவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர் இயற்கைச் சாயம் பற்றிச் சொற்பொழிவு ஆற்ற வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டி, நூறு வருஷப் பழசு, வேரிலிருந்து எடுத்த சாயம் என்றார். கைதட்டினோம். தாவூது எழுந்து போய், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். அவர் பெருமையாகக் கொடுத்தார். இவன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துணியின் ஓரத்தில் தேய்த்தான். கைக்குட்டை ரோஜா நிறமாகிவிட்டது.

"ஐயா, நூறு வருஷமா இது தண்ணியையே பாக்கலீங்களா?"

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தான். வெளியே வந்து என்னிடம் சொன்னது: "கடுதாசில சாயம் போவாது மச்சான், அதான் குடுத்துட்டேன்." படிக்க வருமுன் மாமாவின் துணிக்கடையில் இரண்டு வருஷம் நின்றவன் அவன். "காது கேக்கறத விரலுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்" என்பான்.

அடுத்தது கடலூரில் நடந்த கலைப் பட்டறை. ஒரு ஜவுளிக் குழு எட்டு நாள் சாப்பாடு போட்டது, வண்ணமும் கிராஃப் தாளும் சும்மா கொடுத்தது. ஒவ்வொருவரும் ஆறு கைலி டிசைன் தரவேண்டும். முதலிடம் பெறுகிறவருக்கு மேற்படிப்பு முடியும்வரை ஸ்காலர்ஷிப். எல்லோரும் குனிந்து வரைந்துகொண்டிருந்தோம். தாவூது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்காலர்ஷிப்பு எத்தினி மச்சான்?"

"ஒண்ணு. வரையிடா."

"டிசைன் எத்தினி சேரும்?"

"அது எதுக்கு உனக்கு?"

"ஒருத்தனுக்குப் படிப்பு. அவுங்களுக்கு நூறு டிசைனுக்கு மேல. முடிஞ்சதும் தாளெல்லாம் எங்க போவும்னு எவனாச்சும் கேட்டீங்களா?"

"கேட்டா உன்னை வெளிய தள்ளுவாங்க."

"கேக்கலன்னா ஜாஸ்தியா சோறு போடுவாங்க" என்று சொல்லிவிட்டு வரைய ஆரம்பித்தான்.

ஸ்காலர்ஷிப் எனக்குக் கிடைத்தது. தாவூதின் மஞ்சள் டிசைனில், வலப்பக்கக் கரையில் இல்லாத ஒரு சிவப்புக் கட்டம் இடப்பக்கக் கரையில் இருந்தது. நடுவர் அதைச் சுற்றி வட்டம் போட்டுக் கவனக்குறைவு என்று எழுதி, ஆறையும் தள்ளிவிட்டார். திரும்பி வரும் ரயிலில், அது தப்பு இல்லை, வேண்டுமென்றே வைத்தது என்று தாவூது என்னிடம் சொன்னான். ஆறிலும் ஆளுக்குத் தெரியாத இடத்தில் ஒரு இழை மாற்றியிருக்கிறானாம். நீலத்தில் பச்சை, மூன்றாவது பட்டையில். நாளைக்கு எவனாவது அப்படியே நெய்து விற்றால் பிடித்துவிடலாமாம்.

நான் நம்பவில்லை. கட்டத்தை எண்ணுவதில் பிசகிவிட்டு, தோற்றபிறகு கதை கட்டுகிறான் என்றே நினைத்தேன். அவன் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "சந்தேகப்படறியா? நல்லது. இப்பத்தான் உனக்குப் படிப்பு ஏறுது" என்றான்.

ஆகஸ்டில் ஒருநாள் வகுப்புக்குத் தாமதமாக வந்து என் மேஜையில் கையை ஊன்றினான். "என் நீலக் கைலி கடலூர் ஓ.டி. கடையில தொங்குது. வந்து பாரு. ரெண்டு பேரா போய்க் கேப்போம். ஜெயிச்சவன் நீ, நீ கேட்டா பதில் சொல்லுவாங்க." அந்த வாரம்தான் என் ஸ்காலர்ஷிப் புதுப்பிக்கும் படிவம் வந்திருந்தது. நெல்லிக்குப்பம் ஆலையில் வேலை செய்யும் அப்பாவுக்கு அதைப் பற்றிக் கடிதமும் போட்டுவிட்டேன். பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமும் பார்க்கலாம் என்றேன். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. காய்ச்சலில் படுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் ஊரான பரங்கிப்பேட்டையில், அவனைச் சுமந்துபோன சந்தூக்கின் பின்னால் நடந்தேன். எனக்கு முன்னால் நடந்த பெரியவர் நீலக் கட்டம் போட்ட புதுக் கைலி கட்டியிருந்தார். அடிக்கரையிலிருந்து மூன்றாவது நீலப் பட்டை, அவர் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் வெயிலில் ஒரு மாதிரியாகத் தெரிந்தது. செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு பச்சை இழை.

அடக்கம் முடிந்ததும் அவரிடம் எங்கே வாங்கியது என்று கேட்டேன். "ஓ.டி.லதான். போன வாரம் எடுத்தேன். ஏன் தம்பி, உங்களுக்கும் வேணுமா?" என்றார். அந்த இடத்தில் அதைக் கேட்டதற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் கேட்டேன்.

பட்டறையில் கொடுத்த என் ஆறு தாள்களும் இதுவரை திரும்பி வரவில்லை. உங்கள் தாள்களும் வரவில்லை. அவனைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. தாவூதிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவன் விரலைத்தான். தொட்டுப் பார்க்காமல் தலையாட்டாத அந்தக் குணத்தை. படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இனிச் செய்யப்போவது:

1. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கடலூர் ஓ.டி.க்குப் போய் அந்த நீலக் கைலி ஒன்று வாங்குவேன். கடைப் பெயரோடு ரசீது கேட்பேன்.

2. தாவூதின் முதல் வரைவுத் தாள்கள் தம்பியிடம் இருக்கின்றன. அவற்றில் பச்சைக் கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாமல், அது வெறும் கைப்பிசகாகவே இருந்தாலும் மூன்றாவதைச் செய்வேன். பிசகும் அவனுடையதுதான்.

3. எல்லோருடைய தாள்களையும் திருப்பித் தரும்படி குழுவுக்கு எழுதுவேன். கடிதம் வெள்ளிக்கிழமைவரை என் மேஜையில் இருக்கும். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் போடலாம். யாரையும் கெஞ்சமாட்டேன்.

4. பதில் வரும்வரை புதுப்பிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். ஸ்காலர்ஷிப் நின்றால் நிற்கட்டும்.

5. இதை அப்பாவிடம் நேரில் சொல்வேன். முதலில் செய்யவேண்டியது இதுதான். பயத்தில் கடைசியில் எழுதியிருக்கிறேன்.