அடையாற்றில் அழகு மிளகாய் பார்க்கப் போன ஞாயிறு

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அழகு மிளகாய் பார்க்க அடையாறு போனேன். சமையலுக்கு இல்லை, பார்வைக்கு. சாண் உயரச் செடியில் ஊதா, மஞ்சள், சிவப்பு என்று காய்கள் வானம் பார்த்து நிற்கும். பசுமைக்குடிலில் அதை வளர்த்து விற்கும் ரெஜினா, முன்பு தேனாம்பேட்டை அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி. வடபழனியில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்க முந்நூறு தொட்டி கேட்டிருக்கிறார்கள், வந்து பார் என்று கூப்பிட்டிருந்தாள்.

கோபாலபுரத்திலிருந்து ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர், அரை மணி நேரம், நூற்றெண்பது ரூபாய். "மொளகா வாங்கவா அவ்ளோ தூரம்?" என்றார் ஓட்டுநர்.

குடில் வாசலிலேயே ரெஜினா என்னை நிறுத்தினாள். "மஞ்சக் கலர்ல வராத. வெள்ளை ஈ அதுலதான் வந்து ஒக்காரும்," என்று கணவரின் பழைய சட்டையைக் கொடுத்து மேலே போட்டுக்கொள்ளச் சொன்னாள். முகம் சரியில்லை.

மழைக்காற்றில் பூச்சிவலை ஓரமாகக் கிழிந்திருக்கிறது. கவனிப்பதற்குள் வெள்ளை ஈ உள்ளே புகுந்து இலைச்சுருட்டை நோயைப் பரப்பிவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இலைகள் கிண்ணம்போல் சுருண்டிருப்பது தெரிந்தது. காய்களில் ஒரு குறையும் இல்லை.

"கல்யாணம் வர்ற வியாழக்கிழம. குடுத்துட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அவள் கணவர் டேவிட்.

"வாங்கினு போறவங்க மாடில தக்காளி, மொளகா வெச்சிருப்பாங்க. அதுக்கும் ஒட்டிக்கும்," என்றாள் ரெஜினா.

கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தாள். "அக்கா, செடில நோய் வந்துடுச்சு. தர முடியாது. தப்பு எங்க மேலதான்." எதிர்முனையில், "இப்ப வந்து சொல்றியேம்மா," என்று வைத்துவிட்டார்கள்.

மூன்று பேருமாகப் பிடுங்க ஆரம்பித்தோம். நுனியைக் கிள்ளிக் கிள்ளி, இலையோடு இலை உரசாமல் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்துத்தான் அவற்றைக் குட்டையாக, அடர்த்தியாக வளர்த்திருந்தாள். ஒவ்வொன்றும் கையோடு சுலபமாக வந்தது. பிடுங்கிய செடிகளைப் பைகளில் போட்டுக் கட்டி முடித்ததும் டேவிட் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வலையைத் தைக்க உட்கார்ந்தார். தனி வலைக்குள் இருந்த நாற்றுகள் மட்டும் தப்பின.

போக நினைப்பவர்களுக்கு: அந்த நாற்றுகள் காய்க்க இன்னும் மூன்று மாதமாவது ஆகும். காலையில் போங்கள், வெயில் ஏறினால் குடிலுக்குள் நிற்க முடியாது. கையைக் கழுவிவிட்டு உள்ளே நுழையுங்கள். கிளம்புமுன் போன் செய்து கேளுங்கள். நல்ல செடி இல்லையென்றால் ரெஜினா இல்லை என்றுதான் சொல்வாள்.