கண்ணாடி கிடந்த பக்கம்

“பாப்பா, இதுல இன்னா போட்டிருக்கான், படி,” என்று கன்னடப் பேப்பரின் கிழிசல் ஒன்றை நீட்டினார் காந்தா அக்கா. அல்சூரில் எங்கள் சந்தின் கடைசி வீடு அவருடையது. தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவார். இரண்டையும் படிக்கத் தெரியாது.

படித்துச் சொன்னேன். “ஏரிக்குப் பின்னாடி ரோட்ல ரெண்டு கார் நேருக்கு நேர் மோதிச்சாம். டாக்ஸி டிரைவர் டென்சில் அங்கயே செத்துட்டாராம். எதிர்ல வந்தவர் ஆஸ்பத்திரியில இருக்கார். டாக்ஸிதான் எதிர்ப்பக்கம் ஏறிடுச்சுன்னு போலீஸ் சொல்லுது.”

“எப்டித் தெரியுமாம்?”

“கண்ணாடித் தூளெல்லாம் எதிர்ப்பக்கம் கிடந்துச்சாம். அத அளந்திருக்காங்க.”

“கிடக்கல. நான் தள்ளினேன்.”

“எதுக்குக்கா?”

“குப்பை எடுக்கற கசா வண்டி அந்தப் பக்கம்தானே நிக்கும்.”

அக்கா பேப்பரை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

காந்தா அக்கா மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வருடங்களாக ஒப்பந்தக் கூலி. அந்த ஏரி ரோடு அவர் பொறுப்பு. ஏழு மணிக்குக் குப்பை ஆட்டோ வருவதற்குள் எல்லாவற்றையும் கூட்டி, அது நிற்கும் பக்கத்தில் குவித்து வைத்திருக்க வேண்டும். மேஸ்திரி சீனு தினமும் இரண்டு படங்களை மாநகராட்சிக்குப் போனில் அனுப்ப வேண்டும்: பெருக்குவதற்கு முன் ஒன்று, பெருக்கிய பின் ஒன்று.

விபத்து நடந்தது காலை ஐந்து மணிக்கு. ஆம்புலன்ஸ் இருவரையும் கொண்டுபோனது. பஸ்கள் போக வேண்டும் என்று போக்குவரத்துக் காவலர்கள் இரண்டு கார்களையும் ஓரமாக இழுத்துவிட்டார்கள். ஆறரைக்கு அக்கா போனபோது கண்ணாடியும் எண்ணெயும் ரத்தமும்தான் மிச்சம். கண்ணாடி முழுவதும் டாக்ஸி வந்த பக்கத்திலேயே கிடந்தது. அக்கா அதை ரோட்டுக்குக் குறுக்கே தள்ளிக் குவித்தார். அன்றைக்கென்று குப்பை ஆட்டோ வரத் தாமதம். ஒன்பது மணிக்கு டேப்போடு வந்த போலீஸார் அந்தக் குவியல்வரை அளந்து, இடத்தின் நிலையைப் பதிவுசெய்யும் மகஜர் எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட கடைக்காரர்கள் இருவரும் எட்டு மணிக்குத்தான் கடை திறந்தவர்கள்.

அக்கா முதலில் சீனுவிடம்தான் போனார். “நீ எடுத்த முதல் போட்டோவைக் குடு. கண்ணாடி எங்க கிடந்துச்சுன்னு அதுல தெரியும்ல.”

சீனு சிரித்தானாம். “எந்தப் போட்டோ? போன தீபாவளிக் குப்பைய எடுத்த படம்தான் தினம் போவுது. நீ பெருக்கற ரோட்ல நான் குப்பைக்கு எங்க போறது?” பிறகு குரலைத் தாழ்த்தியிருக்கிறான். “அக்கா, பர்மனெண்ட் லிஸ்ட்ல உன் பேரு வந்திருக்கு. இப்பப் போய் இடத்தக் கலைச்சது நான்தான்னு சொல்லுவியா? சும்மா இரு.”

பதினொரு நாள் சும்மா இருந்தார். அந்த நாட்களில் என் வீட்டைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமலே போவார்.

பன்னிரண்டாம் நாள் டென்சிலின் மனைவி லீனா அந்த ரோட்டுக்கு வந்திருக்கிறாள். யாராவது பார்த்தீர்களா என்று கடைகடையாகக் கேட்டுவிட்டு, பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடமும் கன்னடத்தில் கேட்டாளாம். “கொத்தில்லம்மா” என்று சொல்லிவிட்டார் அக்கா. எனக்குத் தெரியாது என்று.

அன்று சாயங்காலம் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். “நான் பெருக்கட்டும்னு அந்தப் பொண்ணு தள்ளி நின்னுச்சு பாப்பா,” என்றார். பிறகு, “பேப்பர் எடு. போலீஸுக்கு எழுது,” என்றார்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். நான் கன்னடத்தில் எழுதியிருந்ததை அதிகாரி இரண்டு முறை படித்தார். “யாரைக் கேட்டுக் கை வெச்சே?” என்றார்.

“அந்த ரோட்ல பைக்ல பசங்கள உக்கார வெச்சிகினு ஸ்கூலுக்குப் போவாங்க சார். கண்ணாடி கிடந்தா விழுவாங்க. உங்க ஆளுங்க காரை இழுத்து வுட்டாங்களே, கண்ணாடிய யாரு எடுப்பான்னு நெனச்சாங்க?”

மூலையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் ஜீப்பில் எங்களை ஏரி ரோட்டுக்குக் கூட்டிப்போனார். அக்கா காட்டிய இடத்தில், டாக்ஸி வந்த பக்கத்தில், மோதிய காரின் இரும்பு ரோட்டுத் தாரைக் கிழித்த ஒரு முழ நீளக் கீறல் இருந்தது. குவியலை அளந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. புதிதாக ஒரு வரைபடம் போட்டார்கள்.

யார்மீது தப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. எதிர்க்கார் ஆளின் வக்கீல், இவ்வளவு நாள் கழித்துச் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கிறாராம். பர்மனெண்ட் பட்டியலில் அக்கா பெயருக்கு நேரே ‘விசாரணை முடியும்வரை நிறுத்தம்’ என்று எழுதிவிட்டார்கள். சீனு பேசுவதில்லை. அக்கா தினமும் அதே ரோட்டைப் பெருக்குகிறார். லீனாவை அதற்கப்புறம் பார்க்கவில்லை என்கிறார்.

அந்த வாக்குமூலத்தை எழுதிய சாயங்காலம், அவருடைய வேலைக்கு ஆபத்து வராமலிருக்க என்னால் ஆனதைச் செய்யலாமென்று, ‘விவரம் தெரியாமல் தள்ளிவிட்டேன்’ என்று எழுதியிருந்தேன். முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டியபோது அக்கா அந்த இடத்தில் என் கையைப் பிடித்தார்.

“அந்த விவரம் தெரியாமன்றத எடுத்துடு பாப்பா. ரத்தத்தைப் பார்த்தேன். ஆளு போயிருப்பான்னு தெரிஞ்சுது. வண்டி வந்துடும்னுதான் தள்ளினேன். அத அப்டியே எழுது.”