கால்வாய்ப் படகில் நான் கொடுத்த உருண்டை

பிள்ளைகளா, வெளிநாடு போன கதையை நீங்கள் இரண்டு பேரும் கேட்கும்போதெல்லாம் விமானத்தையும் குளிரையும் சொல்லி முடித்துவிடுவேன். படகில் போன நாளைச் சொன்னதில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். வடக்குப்பட்டில் வாடகைக்கு இருந்தோம். பெரியவன் கைக்குழந்தை, சின்னவள் பிறக்கவில்லை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டும் வேலை எனக்கு. பல வருடமாகியும் டெம்பரரிதான். இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய மெஷின் வரப்போகிறது, அங்கே போய் ஒரு மாதம் கற்றுக்கொண்டு வந்தால் பெர்மனென்ட் என்றார்கள். துணைக்கு டிப்ளமா படித்த திருநெல்வேலித் தம்பி ஒருவனை அனுப்பினார்கள். இங்கிலீஷ் அவன் பொறுப்பு.

அங்கே அந்த மெஷினை வாலிபத்திலிருந்து ஓட்டிய பெரியவர் ஒருவர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதிகம் பேசமாட்டார். அடிக்கும் சத்தத்தைக் கேட்டே எங்கே தப்பு என்று சொல்லிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் படகுக்கு எங்களைக் கூப்பிட்டார்.

கடலிலே போகிற படகு இல்லை. கால்வாய்ப் படகு. அகலம் குறைவு, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த மாதிரி முட்டி இடிக்கும். நீளம் மட்டும் இரண்டு பஸ். உள்ளே அடுப்பு, கட்டில், ஜன்னலுக்குத் திரை. பெரியவரின் மனைவி டீ போட்டுக் கொடுத்தார். பெரியவர் பின்னால் நின்று படகைத் திருப்பும் சுக்கான் கட்டையைப் பிடித்து ஓட்டினார். கரையில் நாயோடு நடந்த ஒரு அம்மாள் எங்களை முந்திக்கொண்டு போனார்.

"இன்னா தம்பி, நடந்தே போயிருக்கலாம் போல கீது."

"சும்மா இருங்கண்ணே. சிங்கப்பெருமாள் கோவில் ஆட்டோவுல தொங்குன உடம்பு, உங்களுக்கு மெதுவாப் போனா ஆகாது."

இரண்டு பக்கமும் புல்வெளி, ஆடுகள், குனிந்தால்தான் தாண்ட முடிகிற கல் பாலங்கள். ஓரிடத்தில் கால்வாய் படி மாதிரி இறங்கியது. படகை இரண்டு கதவுக்கு நடுவே நிறுத்தி, தண்ணீரை வடியவிட்டு, படகோடு கீழே இறங்கினோம். அந்தக் கதவை முதுகால் தள்ள வேண்டும். நானும் பெரியவரும் சேர்ந்து தள்ளினோம். என் தோளில் தட்டினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் செய்தேன். நல்ல சேதி என்றால் இனிப்பு கொடுப்பது நம் வழக்கம். அம்மா கட்டிக்கொடுத்த பொரிவிளங்காய் உருண்டை பையில் இருந்தது. நம் பக்கத்தில் யாராவது பழைய வண்டியை விற்றால் புது வண்டி வாங்கிவிட்டான் என்றுதானே அர்த்தம்? அதையே நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு உருண்டை கொடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன்:

"நியூ மெஷின், யூ. ஓல்டு மெஷின், மீ. ஹேப்பி!"

தம்பி என் கையைப் பிடித்தான். பிடிக்குமுன் சொல்லிவிட்டேன்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரியவர் கல் மாதிரி இருந்த உருண்டையைக் கடித்து, நிதானமாக மென்று, நன்றி என்றார். பிறகு தம்பியிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"புது மெஷின்லாம் வரலையாம்ண்ணே. நம்ம மெஷின் கெளம்புன மறுநாள் இங்க கம்பெனியவே பூட்டுதாங்களாம். எல்லாருக்கும் வேலை போச்சு. இந்தப் படகையும் விக்கப் போறாராம். வித்துட்டா யாரையும் கூட்டிட்டு வர முடியாதுல்லா, அதான் நம்மளக் கூப்பிட்டிருக்காரு."

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"போன வாரமே தெரியும். சொன்னா நீங்க ஒழுங்கா கத்துக்கிட மாட்டீங்கண்ணே."

"மன்னிச்சிக்கோங்கன்னு அவராண்ட சொல்லுடா."

"எதுக்குன்னு சொல்ல? மெஷினைத் திருப்பிக் குடுத்துருவமா? வேலை வேண்டாம்னு எழுதிக் குடுப்பீங்களா நீங்க?"

எழுதிக் கொடுக்க மாட்டேன். வீட்டில் கைக்குழந்தையாகப் பெரியவன் இருந்தான். கட்டையைப் பிடித்து ஓட்டிப் பார்க்கிறாயா என்று பெரியவர் சைகையில் கேட்டார். பிடித்தேன். இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பியது. பக்கத்தில் நின்று அதையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். கரை சேரும் வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எப்போதும்போல வேலைக்கு வந்தார். புத்தகத்தில் இல்லாததைக்கூட மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

மெஷின் கப்பலில் வந்து ஒரகடத்தில் இறங்கியது. பூஜை போட்டோம். அதன் பக்கவாட்டில் பெரியவர் எந்த வேலைக்கு எந்த அளவு என்று வெள்ளைப் பெயின்டில் சிறுசிறு எண்களாக எழுதிவைத்திருந்தார். அவர் கையெழுத்து, வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல. ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி வந்து பார்ப்பார்கள், முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்துவிடு என்றார் சூப்பர்வைசர்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடலாமா சார் என்று கேட்க நினைத்தேன். பெர்மனென்ட் கடிதம் கைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கேட்கவில்லை. எண்களை என் நோட்டில் எழுதிக்கொண்டு, நானேதான் பச்சைப் பெயின்ட் அடித்தேன். வெள்ளை தெரியாமல் போக மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.