சைகோனுக்கு இறைத்த எள்

எனக்குச் சக்களத்தியாக வாய்த்தது ஒரு ஊர். பெயர் சைகோன். இப்போது அந்த ஊருக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். என் கணவர் அந்தப் புதுப்பெயரை இன்றுவரை வாயால் சொன்னதில்லை. தொட்டுப் பழகினவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட மனசு வராதுதான் என்று நான் குத்திக் காட்டுவேன். அவர் சிரித்துவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

வயலெல்லாம் கைவிட்டுப் போன வீட்டில் மூத்த பையன். பாளையங்கோட்டையில் படிப்பை முடித்த கையோடு, அவருடைய அப்பாவுக்குத் தெரிந்த காயல்பட்டினத்து முதலாளி ஒருவர் சைகோனில் வைத்திருந்த துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். அவர் போய் இறங்கியபோதே அங்கே குழப்பம். பிறகு அது பெரிய போராகி, எழுபத்தைந்தில் அந்த ஊர் விழும்வரை அவர் அங்கேயேதான் இருந்தார். கூடப்போனவர்கள் பாதியிலேயே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். இவர் மட்டும் குண்டு விழுகிற ஊரில் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தார் என்று கேட்டால், முதலாளி விடவில்லை என்பார்.

திரும்பி வந்த மறுவருஷம் மாசியில் எங்களுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதிச் சாப்பாடு போடுவார்கள். தேங்காய்ப்பால் எடுத்து, காய்கறி போட்டு, இஞ்சித் துவையலோடு பரிமாறுவது. அன்றைக்கு அம்மா வைக்க, பக்கத்தில் நின்று மூன்றாம் பால் இரண்டாம் பால் பார்த்து ஊற்றினது நான். இலையில் முதல் வாய் எடுத்துவைத்தவர் முகம் மலர்ந்துபோய்ச் சொன்னார், "சைகோன்லயும் இதே மாதிரி தேங்காப்பால்ல ஒண்ணு வைப்பாவ." அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இது. அங்கே தெருவெல்லாம் புளியமரம் என்பார். இங்கே இல்லாத புளியமரமா? மழை அங்கே நாலு மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி வரும் என்பார். அப்படியென்றால் குடையை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் நில்லுங்கள் என்பேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சைகோன் கதைதான். பிக்குகள் ஊர்வலம், மாணவர்கள் மறியல், கண்ணீர்ப்புகை. ஆட்சி கவிழக் கவிழக் கடைச் சுவரில் தலைவர் படத்தை மாற்றுகிற வேலை இவருக்கு. கழற்றின படத்தை முதலாளி தூக்கிப் போடமாட்டாராம். நாளைக்கு அவரே திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அடுக்கி வைப்பாராம். போர் எந்தப் பக்கம் நடக்கிறது என்பது ரேடியோவைவிடத் துணிக்கடைக்காரர்களுக்குத்தான் முதலில் தெரியுமாம். அந்த ஊரில் சாவு விழுந்தால் தலையில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். எந்தப் பக்கத்துச் சனம் வெள்ளை கேட்டு வருகிறதோ, அந்தப் பக்கம் ராணுவம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரேடியோவில் வெற்றி வெற்றி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர்கள் வெள்ளைத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்களாம்.

அறுபத்தெட்டில் அவர்களுடைய புத்தாண்டுக்கு நடந்ததைத்தான் ரொம்ப விஸ்தாரமாகச் சொல்வார். புத்தாண்டுக்குச் சண்டை நிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். ராத்திரி முழுக்க ஊரே வெடி போட்டது. கடை மாடியில் படுத்திருந்த நம்மாட்கள், இந்த வருஷம் வெடிச் சத்தம் தீபாவளியைத் தூக்கி அடிக்கிறதே என்று புகழ்ந்துகொண்டே புரண்டு படுத்தார்களாம். ஒருவர் எழுந்து வேடிக்கை பார்க்கச் சன்னலைத் திறந்தார். அப்போதுதான் எதிர்க்கட்டிடத்துச் சுவர் பெயர்ந்து விழுந்ததாம். கெரில்லாக்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள், அமெரிக்கத் தூதரகத்து வளாகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். கடைக்குள் அடைபட்டுக் கிடந்து, ஊரடங்கு தளர்ந்ததும் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன் என்பார். கதையில் அந்த இடம் வந்ததும் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

கேட்டவர்கள் யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. கடையிலேயே குடியிருக்கிற ஆளுக்குப் பஸ் நிலையத்தில் என்ன வேலை? ஒருதடவை கேட்டேன். சும்மா, நிலைமை எப்படி என்று பார்க்கத்தான் என்றார். அவர் சும்மா என்று சொன்னால் சும்மா இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இதை நான் தை அமாவாசையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வருஷா வருஷம் தை அமாவாசைக்குக் குறுக்குத்துறைக்குப் போவோம். ஆற்றில் முங்கி எழுந்து அவர் படித்துறையில் உட்காருவார். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, உள்ளங்கையில் எள்ளை வைத்து அப்பா, தாத்தா, அம்மா வழி என்று ஒவ்வொருவருக்காக இறைப்பார். கையில் தண்ணீர் ஊற்றுவது நான். எல்லாம் முடிந்ததும் இன்னும் ஒரு கை எள் எடுப்பார். யாருக்கென்று ஐயர் கேட்டால், தெரிஞ்ச ஆளு என்பார். வேண்டியவர்களுக்கு அப்படி இறைப்பது உண்டுதான். ஆனால் ஆடி அமாவாசைக்கு அந்த ஒரு கை கிடையாது. தை அமாவாசைக்கு மட்டும்தான் உண்டு. அவர்களுடைய புத்தாண்டும் இந்த அமாவாசையை ஒட்டித்தான் வரும் என்று அவரே ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். அப்புறம் எனக்கு யார் விளக்க வேண்டும்?

அங்கே ஒருத்தி இருந்து செத்திருக்கிறாள், அவளுக்குத்தான் என்று முடிவு கட்டினேன். எவள் என்று தெரியாது, இருந்தாலும் அவளுக்குத்தான். தாலி கட்டினவள் நின்று தண்ணீர் ஊற்ற, அவர் அவளுக்கு இறைக்கிறார். அந்த ஒரு கைக்கு மட்டும் செம்பைச் சரிக்க எனக்குக் கை வராது. சொட்டுச் சொட்டாக ஊற்றுவேன். எள் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் கையை நீட்டிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்து வாழைக்காய் நறுக்கும்போது, இவளுக்கும் சேர்த்தல்லவா சமைக்கிறோம் என்று பொருமுவேன். செத்துப்போனவள்மேல் என்ன பொறாமை என்று கேட்கலாம். செத்தவள்மேல்தான் வரும். அவளுக்கு வயசாகாது, முட்டி வலிக்காது, அவள் வைத்த குழம்பில் ஒருநாளும் உப்புக் கூடிப்போகாது.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து தங்கச்சி மகளும் அவள் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். வியட்நாம் சுற்றுலா போய்விட்டு வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் வியட்நாம் போவது குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போய்வருகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பி ஒன்று கொண்டுவந்து தந்தாள். திசையன்விளைப் பக்கம் கிடைக்காத ஓலையா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு வாங்கி வைத்தேன். போராளிகள் ஒளிந்திருந்த சுரங்கத்துக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு தவழ்ந்தார்களாம். காசு கொடுத்தால் நிஜத் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்கலாமாம். மாப்பிள்ளை ஒரு பழைய டாங்கியின்மேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிற படம் இருந்தது. இவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, சரி சரி என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் நின்றுவிட்டார்.

தெருவோரத்தில் பானைக்கு முன்னால் குந்தியிருக்கிற ஒரு கிழவி. ஏதோ சூப் விற்கிறாள். முகமெல்லாம் சுருக்கம். இவர் இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிசாக்கினார். பேரன் போட்டோ வந்தால்கூடக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவர் இப்போது கண்ணாடி கேட்கவில்லை. எந்த இடம் என்று கேட்டார். நடந்து போகையில் எடுத்தது பெரியப்பா, தெரியவில்லை என்றாள். வயசு என்ன இருக்கும் என்று கேட்டார். எண்பது இருக்கும் என்றாள். அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். நான் காப்பி கொண்டுவருகிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விட்டேன். பல் போன கிழவியைப் பார்த்து வயிறு எரிகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்து வந்தது தை அமாவாசை. ஆட்டோ பிடித்துக் குறுக்குத்துறைக்குப் போனோம். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். அவருக்கு முட்டி மடங்காததால் படித்துறையில் மேல்படியிலேயே உட்காரவைத்தேன். அப்பா, தாத்தா, அம்மா வழி எல்லாம் ஆனது. ஐயர் அடுத்த கும்பலுக்கு எழுந்துபோனார். இவர் வழக்கம்போல ஒரு கை எள் எடுத்தார். நான் செம்பைத் தூக்கினேன். அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

"இந்த வருசம் இது வேண்டாம்" என்றார்.

இத்தனை வருஷமும் வாயைக் கட்டிக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் முடியவில்லை. "ஏன், ஒங்க சைகோன்காரி கோவிச்சுக்கிட மாட்டாளா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திடுக்கிடவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் ராணுவத்தில் செத்துப்போய், வெள்ளைத் துணி கேட்டுக் கடைக்கு வந்தவள். இவர்தான் அளந்து கிழித்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் கடை வாசலுக்குப் பக்கத்திலேயே சூப் பானையோடு உட்கார்ந்தாள். கட்டிக்கொள்கிறேன் என்று இவர் கேட்டிருக்கிறார். புத்தாண்டுக்கு ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிப்போனவள்தான். தெற்கே ஆற்றுமுகத்தில் அவள் ஊர். அந்தப் புத்தாண்டுச் சண்டையில் அந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் விமானத்திலிருந்து குண்டு போட்டுத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

"செத்துட்டாள்னு யாரு சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல."

செத்தாளா இருக்கிறாளா என்று தெரியாமல் யாராவது எள் இறைப்பார்களா? எங்கள் வீடுகளில் ஒருத்தரைக் கோபத்தில் சபிப்பதென்றால்கூட எள்ளும் தண்ணியும் என்ற வார்த்தையைச் சொல்லப் பயப்படுவார்கள். "உசிரோட இருக்கவளுக்கா எறைச்சீய?" என்றேன்.

"இருந்தா வந்திருப்பா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொன்ன விதம் என்னைக் குத்திவிட்டது. கொஞ்சமும் சந்தேகமில்லாமல் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒருதடவை நான் சண்டை போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து நின்றார். நீயா வரமாட்டேன்னு தெரியும், அதான் வந்தேன் என்றார். அன்றைக்கு அதைப் பெரிய பிரியம் என்று நினைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இன்றைக்குத்தான் தெரிகிறது, என்னைத் தேடி வர வேண்டியிருந்தது. அவள் தானாக வந்திருப்பாள். அவளுக்காகத்தான் அந்த ஊர் விழும்வரை அங்கே கிடந்திருக்கிறார். முதலாளி விடவில்லை என்றதெல்லாம் எனக்குச் சொன்ன சமாதானம்.

எப்போதிலிருந்து இறைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வந்த வருசம் ஆடி அமாவாசைக்கு எறைக்கல. கார்த்திகையில ஒன்னயப் பாத்துட்டு வந்தேன்லா. பேசி முடிச்ச பொறவு தை அமாவாசைக்குத்தான் மொதல்ல எறைச்சேன். அவளையும் வச்சுக்கிட்டு ஒன்னயக் கூட்டியாற முடியாதுல்லா."

அவளைப் போர் கொன்றதோ இல்லையோ, எனக்காக இவர் கொன்றிருக்கிறார். நான் சொட்டுச் சொட்டாக ஊற்றி வஞ்சம் தீர்த்த தண்ணீர் எனக்கு இடம் ஒழித்துத் தந்த தண்ணீர். வருஷா வருஷம் இந்தப் படித்துறையில் உட்கார்ந்து, அவள் இல்லை, இவள்தான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்தப் பெண்ணை நினைத்துப் பாவம் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்புறம்தான் அவருடைய மூடின கை கண்ணில் பட்டது. "அப்பம் இப்ப ஏன் வேண்டாங்கீய?" என்றேன்.

"அந்தப் போட்டோவுல உள்ளது அவ இல்ல. அவ சாடையும் இல்ல. ஆனா அந்த வயசுல ஒருத்தி உக்காந்து சூப்பு விக்காள்லா. இவளும் எங்கனயாவது இருக்கலாம்லா." மூடின கையை மடியில் வைத்துக்கொண்டார். "நாமளும் போற காலம் வந்தாச்சு. இனி என்ன. இருந்துட்டுப் போட்டும்."

இத்தனை வருஷமாகச் செத்துக் கிடந்தவளை என் கண்முன்னால் எழுப்பி உட்காரவைக்கிறார். இனி அவள் எங்கோ ஒரு தெருவில் இருப்பாள், இவர் சாகும்வரை இருப்பாள். நான் எப்படி அவளோடு ஒரே வீட்டில் கிடப்பேன்? பக்கத்துப் படியில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நான் அதைச் சட்டை செய்யவில்லை. அவர் முன்னால் குனிந்து, "எறைங்க, நான் நெறைய ஊத்துதேன், எறைங்க" என்று கெஞ்சினேன். செம்பை அவர் கைக்குமேல் சரித்தேன். தண்ணீர் மூடின விரல்கள்மேல் விழுந்து படியில் ஓடியது. செம்பு காலியாகும்வரை ஊற்றினேன்; அவர் கையைத் திறக்கவில்லை.