எதிர்ப்பள்ளி மணி அடித்த காலை

எங்கள் பள்ளியின் மணி ஒரு தண்டவாளத் துண்டு. கோலார் தங்கச் சுரங்கத்தில் தள்ளுவண்டி ஓடிய இரும்பு. அங்கே வேலை பார்த்த எச்.எம். மேடத்தின் அப்பா கொண்டுவந்து கொடுத்தாராம். லிங்கராஜபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் எங்கள் சின்னப் பள்ளிக்கு அதை அடிக்கத் தனி நேரம் கிடையாது. தெருவுக்கு எதிரே அரசுப் பள்ளியில் மணி கேட்டதும் மேடம் கம்பியை எடுத்து அடிப்பார். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று படிக்கிற வீடுகள் நிறைய. சேர்ந்து வந்து சேர்ந்து போகட்டும் என்பது மேடத்தின் எண்ணம். "அவங்க பாடட்டும், நாம தாளம் போடுவோம்" என்று சிரிப்பார்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்கள் கணக்கு டீச்சர் இறந்துபோனார். அலை அடங்கி அரசு பெரிய வகுப்புகளைத் திறக்கச் சொன்னபோது, டிரஸ்ட் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்றது. நான் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளி வாசல் மிதித்ததில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஏதாவது ஒரு வேலை வந்து கூட்டிப்போய்விடும் என்பது எனக்குத் தெரியும். மேடத்தோடு காக்ஸ் டவுனில் டிரஸ்ட் செயலாளர் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அங்க ஏதாவது ஆனா சர்க்கார் பதில் சொல்லும் தம்பி. இங்க ஆனா யாரு சொல்றது? டீச்சர் வீட்டுக்கு என்ன பதில் சொன்னோம்?" என்றார். மேடம் தலை குனிந்துகொண்டார்.

எதிர்ப்பள்ளி திறந்த அன்று மணி கேட்டது. பழக்கத்தில் மேடத்தின் கை கம்பியை எடுத்துவிட்டது. எடுத்த கை அப்படியே நின்றது. கேட்டுக்கு வெளியே, வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, எங்களிடம் பத்தாவது படிக்கும் மகளோடு நின்றிருந்தார். மகள் யூனிஃபார்மில் இருந்தாள்.

"இன்னா மேடம், அவங்க அடிச்சா நீங்களும் அடிப்பீங்களே. இன்னிக்கு கை வலிக்குதா?"

"மேல இருந்து சொல்லணும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

"கம்பி உங்க கையிலதானே கீது?"

மேடம் கம்பியைப் பார்த்தார். பிறகு அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். மகள் கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

சில வாரம் கழித்து நாங்கள் திறந்தபோது அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "கார்மெண்ட்ஸ்ல சேத்துட்டேன் மேடம். பொட்டப் புள்ளய எத்தினி நாளு வூட்லயே ஒக்கார வெக்கறது? அவ அண்ணன் எதிர் ஸ்கூலுக்குப் போறான், இவ பாத்துக்னு அழுவுறா" என்றார் அந்த அம்மா. மேடம் எவ்வளவோ கெஞ்சினார். எதிர்ப்பள்ளியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது கம்பி என் கையில். எதிர்ப்பள்ளி மணி கேட்டதும் அந்தத் தண்டவாளத் துண்டை நான்தான் அடிக்கிறேன். டிபன் பையோடு அந்தப் பெண் கேட்டைக் கடக்கும் நேரமும் அதுதான். "வணக்கம் சார்" என்பாள். மணிச் சத்தம் கேட்டதும் நடையை எட்டிப் போடுவாள். நேரமானால் பேக்டரி வேன் போய்விடும்.