அம்மா கைவிட்ட பானைகள்

மெல்போர்னில் குடும்பத்தோடு மண்பாண்ட வகுப்புக்குப் போயிருந்தோம். மகள் தான் வனைந்த பானையை மறைத்துக்கொண்டு, "ஈரமா இருக்குப்பா, தொடாதீங்க" என்றாள். ஈரமண் வாசனையோடு 'தொடாதீங்க' என்ற வார்த்தையும் சேர்ந்து என்னை நீடாமங்கலம் பக்கத்து எங்கள் ஊருக்கு இழுத்துப் போனது.

நெற்களத்தில் விவசாயக் கூலிகளின் சங்கக் கொடி நட்டதற்காக அப்பாவைத் தென்னையில் கட்டிவைத்து அடித்தார் மிராசுதார். அடுத்த வாரம் அவர் வீட்டில் கல்யாணம். மாட்டுக்கொட்டகை கூட்டப் போன அம்மாவோடு நானும் போனேன். கொல்லையில் புதுப்பானைகளில் பந்திக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். நாங்கள் தொட்டால் தீட்டு. அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொரு பானையிலும் முழங்கைவரை கையை விட்டு நிதானமாக அலசினாள்.

ஓடிவந்த மிராசுதாரால் கத்தக்கூட முடியவில்லை. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி நல்லா குளுந்து கெடக்குங்கய்யா" என்றாள் அம்மா.

அத்தனை பானைகளையும் அவரே தடியால் உடைத்தார். பந்தியில் தண்ணீர் கேட்டுக் கத்திய சத்தம் எங்கள் தெருவரை வந்தது.

அவருடைய பேரனும் இப்போது மெல்போர்னில்தான் இருக்கிறான். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு. நான் வனைந்த குவளையின் ஈரத்தில் ஐந்து விரல்களையும் அழுந்தப் பதித்தேன். சுட்டு வந்ததும் அவனுக்குத் தண்ணீர் இதில்தான்.