வெள்ளத்துக்குத் தெரியாத மேடு பள்ளம்

மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஒரு கவிதையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். வேலித் தகராறில் வெட்டிக்கொள்ளப் போன இரண்டு வீட்டாரை, பெருவெள்ளம் வந்து ஒரே கூரைமேல் ஏற்றிவிடுகிறது. வெள்ளத்துக்கு மேடு பள்ளம் தெரியாது, அதற்கு எல்லாரும் ஒன்றுதான் என்று கவிதை முடிகிறது. வாசித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவன். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைப்போம். மேனேஜர் பங்களா மேட்டில் இருந்தது. அதன் வாசற்படியைக்கூடத் தண்ணீர் தொட்டதில்லை. லயத்துச் சனங்கள் பாய்க்கும் போர்வைக்கும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். பங்களாவோடு சண்டைக்குப் போக ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். எங்களைப் பள்ளத்தில் குடிவைத்தது இயற்கை இல்லை, அதைக் கேட்காத கவிதை பொய் சொல்கிறது என்றேன். தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இது இலக்கியக் கூட்டம் லா. இங்க அரசியல் வேண்டாம். இயற்கைக்கு முன்னால நாம எல்லாரும் சமம், அதுதான் கருத்து."

அதற்குள் வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் தண்ணீர் ஏறுவதாக யாரோ வந்து சொன்னார்கள். தலைவர் மைக்கை மேசைமேல் போட்டுவிட்டு, தன் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்த முதல் ஆளாக ஓடினார்.